கேப்ஸ்யூலுக்கு முன்னும் பின்னும்: ரேடியோ அயோடின் சிகிச்சைக்குப் போகும் ஒருவருக்கு

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. பாப்பிலரி வகை தைராய்டு புற்றுநோய். சுரப்பியை முழுதாக எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. கழுத்தில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் மூன்றில் நோய் இருந்திருக்கிறது. 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடியோ அயோடின், அதாவது கதிரியக்க அயோடின், கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உள்ளே என்ன நடக்கும், எப்படித் தயாராவது, தனி அறையில் எத்தனை நாள் இருக்க வேண்டும், வீட்டில் இருக்கிற இரண்டு வயதுப் பையனை எப்போது தூக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் புரிந்தால்தான் அந்தப் பதில் நிம்மதி தரும்.

நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். அந்தக் கேப்ஸ்யூலை ஈயக் குடுவையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், பிறகு அறை வாசலில் நின்று கதிர்வீச்சை அளப்பதும் பல வருடங்களாக என் வேலை. சிகிச்சை வேண்டுமா, எவ்வளவு டோஸ் என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்வது. ஆனால் இதற்குள் போய் வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்தச் சிகிச்சை முழுக்க ஒரே கணக்கில் நடக்கிறது. விழுங்குவதற்கு முன்னால் தைராய்டு செல்களைப் பட்டினி போட வேண்டும். விழுங்கிய பின்னால், அவை எடுத்துக்கொண்டது போக மீதியை உடம்பைவிட்டு விரட்ட வேண்டும். உங்களுக்குச் சொல்லப்படும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவை. இது பிடிபட்டுவிட்டால், பக்கம் பக்கமாக அச்சடித்துத் தரும் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பட்டினி என்று ஏன் சொல்கிறேன் என்றால், உடம்பில் அயோடினைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைக்கும் வேலையைத் தைராய்டு செல்போல வேறெதுவும் செய்வதில்லை. ஹார்மோன் தயாரிக்க அதற்கு அயோடின் வேண்டும்; ரத்தத்தில் துளி இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைப் புற்றுநோய்ச் செல்களுக்கும் பெரும்பாலும் இந்தக் குணம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வழக்கமான அயோடினுக்கும் கதிரியக்க அயோடினுக்கும் செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே போன அயோடின்-131, பீட்டா கதிரை வெளியிடுகிறது. அந்தக் கதிர் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் சொச்சம்தான் பயணிக்கும். அதனால் தன்னை விழுங்கிய செல்லையும் ஒட்டி இருப்பவற்றையும் அழிக்கிறது, தூரத்தில் இருப்பதைத் தொடுவதில்லை. மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் வகைகள் அயோடினை எடுப்பதில்லை என்பதால் அவற்றுக்கு இந்தச் சிகிச்சை பயன்படாது.

அயோடின்-131 காமா கதிரையும் வெளியிடுகிறது. காமா உடம்பைத் தாண்டி வெளியே வரும். உங்களைத் தனி அறையில் வைப்பதும் அதனால்தான், ஸ்கேனில் உங்களைப் படம் பிடிக்க முடிவதும் அதனால்தான்.

இது புதிதாக முளைத்த வைத்தியமும் இல்லை. 1938இல் பெர்க்லியில் லிவிங்குட், சீபோர்க் இருவரும் அயோடின்-131ஐக் கண்டுபிடித்தார்கள். 1941 மார்ச் 31 அன்று பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ், தைராய்டு மிகையாகச் சுரந்த ஒரு நோயாளிக்கு முதன்முதலில் கதிரியக்க அயோடின் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து நியூயார்க்கில் சாமுவேல் சீட்லின், வேறு இடங்களுக்குப் பரவிவிட்ட தைராய்டு புற்றுநோய்க்கு அதைக் கொடுத்தார். உங்கள் கைக்கு வரப்போகும் கேப்ஸ்யூலுக்குப் பின்னால் எண்பது வருடத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது.

தயாராவதற்கு முன் டாக்டரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இந்த டோஸ் எனக்கு எதற்காக? மூன்று காரணங்கள் உண்டு. அறுவைக்குப் பின் மிச்சமிருக்கும் நல்ல தைராய்டுத் திசுவைத் துடைத்தெடுப்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத நோய் இருக்கலாம் என்று முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பது இரண்டாவது. இருக்கிறது என்று தெரிந்த நோயை அழிப்பது மூன்றாவது. முதலாவதற்கு 30 மில்லிகியூரியே போதும் என்று 2012இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று பிரான்சிலிருந்தும் மற்றது பிரிட்டனிலிருந்தும், காட்டின. ஆபத்து குறைந்த, சிறிய கட்டிகள் உள்ளவர்களுக்கு ரேடியோ அயோடினே தேவையில்லை என்பதை 2022இல் வந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. 776 பேரில் ஒரு பாதிக்கு 30 மில்லிகியூரி கொடுத்தார்கள், மறு பாதியை வெறுமனே கண்காணித்தார்கள். மூன்று வருடம் கழித்து இரு பக்கமும் 95 சதவீதத்துக்கு மேல் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு “எனக்கும் வேண்டாமே” என்று நினைத்துவிடாதீர்கள். கணுக்களில் நோய் இருந்த உங்கள் நிலை வேறு, அந்த ஆய்வு உங்களைப் போன்றவர்களைப் பற்றியது இல்லை. ஆனால் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணம் தெரிந்து விழுங்குகிறவர் அந்த அறையில் திடமாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் பையனுக்கு இரண்டு வயது என்கிறீர்கள். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்களா? கொடுத்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பால் சுரக்கும் மார்பகமும் அயோடினை இழுத்துப் பாலில் சேர்க்கும். அது குழந்தையின் தைராய்டுக்கும் ஆபத்து, உங்கள் மார்பகத்துக்கும் தேவையில்லாத கதிர். சிகிச்சைக்குக் குறைந்தது 6 வாரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். 3 மாதம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அதற்காகத் தேதியைத் தள்ளிப்போட வேண்டி வந்தால் தள்ளிப்போடுவார்கள். சிகிச்சைக்குப் பின் இந்தக் குழந்தைக்குத் திரும்பவும் ஆரம்பிக்கக் கூடாது. அடுத்து ஒரு குழந்தை பிறந்தால் அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்யும் பரிசோதனையும் கேப்ஸ்யூல் தரும் முன் கட்டாயம் உண்டு. அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவிலிருக்கும் குழந்தையின் தைராய்டு மூன்றாம் மாதவாக்கிலேயே அயோடினை எடுக்கத் தொடங்கிவிடும் என்பதால் எந்தப் பெண்ணுக்கும் இதில் விலக்கு கிடையாது.

இப்போது பட்டினிக்கு வருவோம். இதில் இரண்டு பாகம்.

முதலாவது, செல்லுக்குப் பசி எடுக்க வைப்பது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பித்தான் தைராய்டை வேலை வாங்குகிறது. டி.எஸ்.ஹெச் ஏறினால் செல் அயோடினுக்குப் பறக்கும். பொதுவாக அது 30க்கு மேல் போக வேண்டும் என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.ஹெச் தானாக ஏறும். அதற்கு ஒரு வழி, சுரப்பிக்குப் பதிலாக எடுக்கும் ஹார்மோனான தைராக்சின் மாத்திரையை 3 முதல் 4 வாரம் நிறுத்திவைப்பது. அறுவைக்குப் பின் மாத்திரையே ஆரம்பிக்காமல் காத்திருக்க வைப்பதும் உண்டு. சிலருக்கு நடுவில் டி3 என்ற, சீக்கிரம் உடம்பைவிட்டுப் போய்விடும் தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்து, கடைசி இரண்டு வாரம் மட்டும் அதையும் நிறுத்துவார்கள். இன்னொரு வழி, மாத்திரையை நிறுத்தாமலேயே டி.எஸ்.ஹெச்சை ஊசியாகப் போடுவது. அடுத்தடுத்து இரண்டு நாள் ஊசி, மூன்றாம் நாள் கேப்ஸ்யூல். ஊசி உங்களுக்குப் பொருந்துமா, கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை, விலையும் அதிகம்.

மாத்திரை இல்லாத அந்த வாரங்களைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சரியாகச் சொல்வதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கதிர்வீச்சுக்குப் பயந்து வருகிறார்கள். போகும்போது “அதைவிட முன்னால் இருந்த வாரம்தான் கொடுமை” என்கிறார்கள். உடம்பு மெல்ல மெல்ல இறங்கும். முகம் உப்பும், குரல் கனக்கும், மலச்சிக்கல் வரும், மற்றவர்கள் வியர்க்கும்போது உங்களுக்குக் குளிரும். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முடிக்கத் தெரியாமல் நிற்பீர்கள். காரணம் இல்லாமல் அழுகை வரும். இது மனம் உடைந்துபோனதால் வருவதில்லை, ஹார்மோன் இல்லாததால் வருவது. மாத்திரை திரும்பத் தொடங்கினால் சில வாரங்களில் போய்விடும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், கையெழுத்துப் போட வேண்டிய முக்கிய முடிவுகளைத் தள்ளிவையுங்கள். பையனைப் பார்த்துக்கொள்ள ஆளை, மருத்துவமனை நாட்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்யாமல் அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இதயக் கோளாறோ மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் பழக்கமோ இருந்தால் மாத்திரையை நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சாப்பாட்டில் அயோடினைக் குறைப்பது. ஒன்று முதல் இரண்டு வாரம். இதை ஏனோதானோ என்று செய்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வேன். நீங்கள் விழுங்கப்போகும் 100 மில்லிகியூரியில் உள்ள அயோடின்-131இன் எடை ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துணுக்கைவிடக் குறைவு. அயோடின் சேர்த்த உப்பு ஒரு தேக்கரண்டியில் நூறு மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருக்கலாம். வாசலில் நூறு பேர் முண்டியடிக்க, நமக்கு வேண்டிய ஒருவர் உள்ளே நுழைய வேண்டும் என்றால் எப்படி? அந்த நூறு பேரைக் கலைத்துவிடுவதுதான் இந்த உணவுக் கட்டுப்பாடு. நாளுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு.

அப்படியானால் அயோடின் சேர்த்த உப்பு, கடல் உப்பு, மீன் உள்ளிட்ட கடல் உணவு, கடற்பாசி, பால், தயிர், மோர், வெண்ணெய், முட்டையின் மஞ்சள்கரு, கடையில் வாங்கும் ரொட்டி, பொட்டலத் தின்பண்டம் எல்லாம் நிற்க வேண்டும். அயோடின் சேர்க்காத உப்பைத் தேடி வாங்கி வீட்டில் சமைத்தால் பெரும் தொல்லை தீர்ந்துவிடும். உப்பையே விட்டுவிடாதீர்கள், நாம் குறைப்பது அயோடினைத்தான். வயதானவர்கள் சிலர் உப்பே இல்லாமல் சாப்பிட்டு ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழம்பிப்போய் வந்திருக்கிறார்கள். அரிசி, புதிதாக வாங்கிச் சமைக்கும் காய்கறி, பழம், உப்பு சேர்க்காத கொட்டைகள், எண்ணெய், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றுக்குத் தடையில்லை. இறைச்சியைக் கொஞ்சமாகச் சாப்பிடலாம்.

ஏமாற்றுவது சாப்பாட்டில் இல்லாதவைதான். சத்து மாத்திரை, சில இருமல் மருந்து, காயத்துக்குப் போடும் அயோடின் கலந்த மருந்து, சிவப்புச் சாயம் சேர்த்த மாத்திரை உறை. எல்லாவற்றையும்விடப் பெரிய திருட்டு வாசல் சி.டி ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியப் போடும், அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து. ஒரு நோயாளி உணவுக் கட்டுப்பாட்டை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து வந்தார், மாத்திரையை நிறுத்தி முகமெல்லாம் வீங்கி வந்தார். பேச்சுவாக்கில்தான் சொன்னார், மூன்று வாரத்துக்கு முன்னால் வேறொரு மருத்துவமனையில் வயிற்றுவலிக்காக சி.டி எடுத்தார்களாம். கான்ட்ராஸ்ட் போட்டிருந்தார்கள். சிறுநீரில் அயோடின் அளந்து பார்த்தோம், எக்கச்சக்கம். திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. பட்ட கஷ்டமெல்லாம் வீணாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டதும் அந்த மனிதர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டதை என்னால் மறக்க முடியவில்லை. கான்ட்ராஸ்ட் போட்டால் குறைந்தது ஒன்று இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இதயத் துடிப்புக்குத் தரும், அயோடின் நிறைந்த அமியோடரோன் மாத்திரை என்றால் பல மாதம். கடந்த சில மாதங்களில் எடுத்த ஸ்கேன், சாப்பிட்ட மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கேட்காவிட்டாலும் நீங்களாகவே நீட்டுங்கள்.

இனி அந்த நாள்.

ஒருவேளை நீங்கள் மனதில் கற்பனை செய்து வைத்திருப்பது பெரிய இயந்திரங்கள், சத்தம், வலி. வருவது ஒரு சின்ன ஈயக் குடுவை. கையில் தூக்கினால் அளவுக்குப் பொருந்தாத கனம். உள்ளே ஒரு சிறு குப்பியில் சாதாரண மருந்துக் கேப்ஸ்யூல் போலவே ஒன்று. கையால் தொடாமல், குப்பியை வாயில் சாய்த்து அப்படியே உருட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். சில இடங்களில் திரவமாகவும் தருவார்கள். மணமும் சுவையும் பெரிதாக இராது. விழுங்கியதும் நாங்கள் இரண்டடி பின்வாங்குவோம். அந்த இரண்டடிதான் பலருக்கு வலிக்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன்வரை பக்கத்தில் நின்று பேசியவர்கள் திடீரென்று விலகுவது போலத் தெரியும். எங்களுக்கு இது வருடம் முழுக்க, தினமும் செய்யும் வேலை என்பதால் எங்கள் மேல் சேரும் கதிரைக் குறைத்தாக வேண்டும். அதனால்தான் விலகுகிறோம், உங்களை அருவருத்து இல்லை. நான் கதவருகில் நின்றபடியே கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் போவேன்.

அறை ஒரு சாதாரண அறைதான். சுவர் மட்டும் கனம். கதவுப்பிடி, சுவிட்ச், ரிமோட், சில இடங்களில் தரை, எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உங்கள் வியர்வையிலும் எச்சிலிலும் அயோடின் வரும், அது பொருளில் ஒட்டக் கூடாது என்பதற்காக. எதை எடுத்துப்போகலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பதை மட்டும் எடுத்துப்போங்கள். போனை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டால் உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பையனுடைய பொம்மையை ஞாபகத்துக்கு எடுத்துப்போகாதீர்கள், அவனிடம் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம். அவன் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதிருந்து விரட்டும் வேலை. தைராய்டு இல்லாத உடம்பில், செல்கள் எடுத்தது போக மிச்ச அயோடினில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். அயோடின்-131 பாதியாகக் குறைய 8 நாள் ஆகும் என்று படித்துவிட்டு, இத்தனை நாள் நான் கதிர் வீசிக்கொண்டே இருப்பேனா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த 8 நாள் கணக்கு குப்பியில் சும்மா வைத்திருந்தால். உங்கள் சிறுநீரகம் அதைவிட வேகமானது, தண்ணீர் குடிக்கக் குடிக்க. டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் தவிர, நன்றாகக் குடியுங்கள். ராத்திரியிலும் எழுந்து போங்கள். சிறுநீர்ப்பையில் தேக்கி வைத்தால் அதற்கும் பக்கத்து உறுப்புகளுக்கும் கதிர் படும். மலச்சிக்கலைச் சரிசெய்யச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். உட்கார்ந்துதான் போக வேண்டும், தெறிக்கக் கூடாது, இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், கையை நன்றாகக் கழுவ வேண்டும், தினமும் குளிக்க வேண்டும்.

எச்சில் சுரப்பிகளும் அயோடினை இழுப்பவை. காதுக்குக் கீழே, தாடைக்கடியில் வீங்கி வலிக்கலாம்; சிலருக்கு அதே நாளில், சிலருக்குப் பல மாதம் கழித்து, சாப்பிட ஆரம்பித்ததும் சுருக்கென்று. எலுமிச்சை மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறி அயோடின் வெளியேறும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்போது தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஜப்பானில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கியவர்களைவிட 24 மணி நேரம் கழித்துத் தொடங்கியவர்களுக்குச் சுரப்பி குறைவாகப் பாதிக்கப்பட்டது. உங்கள் மருத்துவமனை என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள். தண்ணீர் எப்போதும் நல்லது, அதில் இரண்டு கருத்து இல்லை. காதுக்கடியிலிருந்து தாடை நோக்கி விரலால் மெதுவாக நீவி விடுவதும் உதவும்.

முதல் நாள் குமட்டல் வரலாம். கேட்டால் மாத்திரை தருவார்கள், வாந்தி வரும்வரை பொறுக்காதீர்கள். மிச்சத் திசு கழுத்தில் அதிகம் இருந்தால் இரண்டு மூன்று நாளில் அங்கே வீக்கம், வலி. நாக்கில் சுவை மாறிப்போகும், வாயில் உலோகம் வைத்தது போல இருக்கும், அது பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். முடி கொட்டுமா என்பது அடுத்த கேள்வி. கீமோதெரபி போல இது முடியைக் கொட்ட வைக்காது. தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கும் நாட்களில் முடி மெலிவது வேறு, அது திரும்பிவிடும்.

அந்த அறையில் நேரம் போகாது. அதை மறைக்க விரும்பவில்லை. உடம்பு சோர்ந்து, மூளை மந்தமாகி இருக்கும் நேரத்தில் யாரும் தொடாத இரண்டு மூன்று நாள். புத்தகம் எடுத்துப்போய் ஒரு பக்கம்கூட ஓடவில்லை என்று சொன்னவர்கள் நிறைய. கேட்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பாட்டோ பேச்சோ, மூளையை வேலை வாங்காத எதுவோ. வீட்டுக்கு வீடியோவில் பேச ஒரு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். மனசு கனத்தால் மணியடித்து நர்ஸைக் கூப்பிடுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கேட்க ஆள் இருக்கிறது.

தினமும் நாங்கள் வந்து உங்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியை நீட்டுவோம். முதல் நாள் அது சடசடவென்று கத்தும். கேட்டு மிரளாதீர்கள், கத்துவதுதான் அதன் வேலை. மறுநாள் அதே இடத்தில் நின்றால் வெகுவாக அடங்கியிருக்கும். கருவியில் வரும் அளவை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைப்பதே இல்லை. அளவு உங்கள் நாட்டின் வரம்புக்குக் கீழே வந்ததும் வீடு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். 30 மில்லிகியூரி போன்ற குறைந்த டோஸ் வாங்குகிறவர்கள் பல நாடுகளில் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சில நாளில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், உடல் முழுக்க ஸ்கேன் எடுப்பார்கள். இதற்குப் புதிதாக ஊசி எதுவும் வேண்டாம், உள்ளே இருக்கும் அயோடினே விளக்கு. அறிக்கை வரும் முன் படத்தைப் பார்த்து நெஞ்சு பதறாதீர்கள். வாய், எச்சில் சுரப்பி, வயிறு, குடல், சிறுநீர்ப்பை எல்லாம் சாதாரணமாகவே கறுத்துத் தெரியும். கழுத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் அறுவையில் மிஞ்சிய நல்ல திசு. அயோடின் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

தைராக்சினை ஓரிரு நாளிலேயே திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். எந்தத் தேதியில், எவ்வளவு என்று எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். அவரவர் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்து, ஒருவரும் சொல்லாமல் விட்டு, ஒரு மாதம் மாத்திரையே இல்லாமல் தவித்தவரைப் பார்த்திருக்கிறேன்.

நீண்ட நாள் விஷயங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். வாய் வறட்சி சிலருக்கு நிலைத்துவிடும். அதனால் பல் சொத்தை சீக்கிரம் வரும், பல் டாக்டரிடம் இந்தச் சிகிச்சையைச் சொல்லிவையுங்கள். சிலருக்கு மாதங்கள் கழித்துக் கண்ணீர்ப்பாதை அடைத்துக்கொண்டு கண்ணில் நீர் வழியும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெரியாமல் கண் மருந்தாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மாதவிடாய் சில மாதம் முன்பின் ஆகலாம். அடுத்த குழந்தைக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்வார்கள். ஆண்களுக்குச் சில மாதம். வேறொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது, மொத்த டோஸ் ஏற ஏற அது ஏறும். ஒருமுறை 100 மில்லிகியூரி வாங்குகிறவருக்கு அது மிகச் சிறியது. ஆனாலும் தேவையில்லாதவருக்குக் கொடுக்கக் கூடாது என்று இப்போது இவ்வளவு யோசிப்பதற்கு அதுவே காரணம். விமான நிலையக் கருவிகள் சில வாரங்கள், ஏன், இரண்டு மூன்று மாதம்கூட உங்களைக் காட்டிக்கொடுக்கும். பயணம் இருந்தால் மருத்துவமனையில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் உடனே தெரியாது. நல்ல தைராய்டுச் செல்லும் பாப்பிலரி செல்லும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை உண்டாக்குகின்றன. எல்லாச் செல்லும் போய்விட்டால் ரத்தத்தில் அது இருக்கவே கூடாது. அதனால் இனி உங்களுக்கு அதுதான் காவல்நாய். அதை எதிர்க்கும் ஆன்டிபாடி உடம்பில் இருந்தால் அளவு தப்பாகக் காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். செல் சாவதற்கு மாதங்கள் ஆகும். எண் மெல்லத்தான் இறங்கும். ஆறாவது வாரம் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு உடைந்துபோகாதீர்கள். 6 முதல் 12 மாதத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பேசும்.

இப்போது பையன்.

அவனுக்கு உங்களிடமிருந்து போகும் கதிர் இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு கிட்டத்தில், எவ்வளவு நேரம். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் பாதியாகக் குறையும் என்று தோன்றும்; கிட்டத்தட்டக் கால்வாசியாகவே குறைந்துவிடும். அதனால் ஒரே வீட்டில், அறையின் அந்தப் பக்கம் அவன் விளையாட, இந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் கதை சொல்லலாம். கூடாதது, மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பதும், ராத்திரி முழுக்கக் கட்டிக்கொண்டு தூங்குவதும், நீங்கள் கடித்ததை அவன் வாயில் வைப்பதும், வாயில் முத்தம் கொடுப்பதும். எத்தனை நாள் என்பது உங்கள் உடம்பு எவ்வளவு வேகமாக வெளியேற்றியது என்பதைப் பொறுத்துச் சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை போகலாம். வாசலில் அளந்தவரிடம், “வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து தூக்கலாம், எந்தத் தேதியிலிருந்து கூடத் தூங்கலாம்” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் முதல் சில நாள் அவன் வேறு வீட்டில் இருப்பது உங்கள் இருவருக்குமே சுலபம். பார்த்துக்கொண்டே தொடாமல் இருப்பதை இரண்டு வயதுக் குழந்தைக்குப் புரியவைக்க முடியாது.

அந்த நாட்களுக்குள் என்றாவது அவன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். கத்தி விலக்காதீர்கள். ஒரு நொடி, இரண்டு நொடி அணைப்பில் ஒன்றும் ஆகிவிடாது. கணக்கில் ஏறுவது மணிகள்தான். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, மெல்ல இறக்கி, அவனுக்குப் பிடித்த ஒன்றைக் கையில் கொடுத்து, அந்தப் பக்கம் உட்காரவையுங்கள்.